கயிற்றில் இறங்கிய ரசம்

மணி ஒன்றானதும் கடையை மூடிவிட வேண்டும் என்பது அந்த நாட்களின் உத்தரவு. ஷட்டரை முக்கால்வாசி இழுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நின்று அண்ணாந்து பார்ப்பேன். மாடி ஜன்னலிலிருந்து கொடிக்கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் கூடை ஒன்று ஆடி ஆடி இறங்கும். கூடைக்குள் சோறும் கூட்டும் வைத்த தூக்கு. பக்கத்தில், துணி சுற்றிய எவர்சில்வர் சொம்பில் ரசம்.

"கயித்தப் புடிச்சி இழுக்காதீங்க, ரசம் சிந்திடும்" என்று மேலேயிருந்து குரல் வரும். தினமும் அதே வார்த்தை. நானும் தினமும் கயிற்றைப் பிடித்து இழுப்பேன்.

குரல் என் மனைவி மல்லிகாவுடையது. கொரோனா வந்த முதல் வருஷம் அது. செஞ்சி கடைத்தெருவில் கீழே எங்கள் நாட்டு மருந்துக் கடை, மேலே வீடு. நடுவே பதினெட்டுப் படிகள். அந்தப் படிகளை நான் இரண்டு மாதத்துக்கு மேல் ஏறவில்லை. காலையிலிருந்து ஊர்க்காரர்களின் மூச்சுக் காற்றுக்கு நடுவே நிற்கிறவன் நான். அவளுக்குச் சாதாரணச் சளி பிடித்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் கடையின் பின்கட்டில், சுக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைக் கழுவிக் கூடையில் வைத்து, கயிற்றை இரண்டு தரம் ஆட்டினால் கூடை மேலே போகும். அதன் பிறகு அவள் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் எதிர்க்கடை வாசல் நிழலில் நிற்பேன். தெருவில் ஈ காக்கை இருக்காது. அரை மணி நேரம் பேசுவோம். முப்பது வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. பக்கத்திலேயே இருக்கிறவளிடம் என்ன பேச என்று இருந்துவிட்டேன் போலிருக்கிறது.

மல்லிகா இப்போது இல்லை. போன ஐப்பசியில் போய்விட்டாள். இந்தத் தொடரில் கோட்டை ஏறிய கதை, கடைத்தெருச் சண்டை என்று வாரா வாரம் எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேனே, அவளைப் பற்றி மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், எழுதினால் ரசத்தைப் பற்றி எழுத வேண்டும். அதற்குப் பயந்துதான்.

வல்லத்திலிருந்து ஒரு கடிதம்

எழுத வைத்தவர் வல்லத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். இரண்டு பக்கத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறார். 'மூன்று தலைமுறையாக மூலிகை வியாபாரம் செய்கிறீர்கள். ஆனால் உடம்பில் நோய் எதிர்ப்பு சக்தியை இயற்கையாக வளர்க்க என்ன சாப்பிடலாம், எப்படி வாழலாம் என்று ஒரு வாரமாவது எழுதினீர்களா? உங்கள் மிளகாய் மண்டி சண்டையைப் படித்து எங்களுக்கு என்ன லாபம்?'

நியாயமான கேள்வி. சாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் என் பதில் கொஞ்சம் சுற்றி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், சார்.

அந்த வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இருமலுக்குக் கொடு, மூட்டு வலிக்குக் கொடு, பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கொடு என்பார்கள். அந்த வருஷம் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தைதான். எதிர்ப்பு சக்தி. கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒரு ஆளாக நின்றார்கள். வரிசை முக்குத் திரும்பிப் போனது. கபசுரக் குடிநீர்ப் பொடி, நிலவேம்பு, அதிமதுரம், மிளகு. அனந்தபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர்கள் உண்டு. நான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "மூணு வேளை குடி, எதிர்ப்பு சக்தி ஏறும்" என்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தேன்.

அதே நேரத்தில், என் தலைக்கு நேர் மேலே, மாடியில் மல்லிகா காலை ஒன்பது மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பாள். அது எதிர்ப்பு சக்தியை இறக்குவதற்கான மாத்திரை.

வீட்டுக்காரர்

அதற்கு நாலைந்து வருஷம் முன்னால் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போயிற்று. பிரஷர் இருந்தது, அது எங்களுக்குத் தெரியவில்லை. தலைவலி என்பாள், சுக்குப் பற்று போட்டுக்கொள்வாள். ஊருக்கெல்லாம் மருந்து சொல்கிறவன் வீட்டில் பிரஷர் பார்க்கக் கருவி இல்லை.

புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவன் நான். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கிற குழு ஒன்று எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து விசாரித்தது. யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். "இல்லீங்க, அவ இல்லன்னா எனக்குச் சோறு போட ஆள் இல்ல" என்றேன். ஒரு அம்மா சிரித்துவிட்டார். நான் சொன்னது நிஜம்தான்.

புதிய சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில், வலது பக்கம் வைக்கிறார்கள். மல்லிகா அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்வாள். "வீட்டுக்காரர் இன்னிக்கு நல்லா வேல செய்றாரு" என்பாள். உட்கார்ந்து எழும்போது, "இருங்க, வீட்டுக்காரருக்கு இடிக்கப் போவுது" என்பாள். என் மகள் கவிதாவுக்கு இதைக் கேட்டால் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

எங்களுக்குப் பார்த்த டாக்டர் அம்மா நிதானமாகப் பேசுகிறவர். வீட்டுக்கு அனுப்பும் அன்று எங்களை எதிரே உட்காரவைத்துச் சொன்னார்: "நீங்க செஞ்சிதானே? கோட்டை ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்றது சுலபம். உடம்புக்கும் காவல்காரங்க இருக்காங்க. உள்ள வந்திருக்கிறது உங்க கிட்னி, அவங்க கிட்னி இல்ல. காவல்காரன் முழிச்சிக்கிட்டா இதை எதிரின்னு நெனச்சி வெட்டிடுவான். அதனால அவனைப் பாதித் தூக்கத்துலயே வெச்சிருக்கணும். அதுக்குத்தான் இந்த மாத்திரை. எதிர்ப்பு சக்தியை ஏத்துறேன்னு யாரு இன்னா குடுத்தாலும் சாப்பிடக் கூடாது."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். என் தொழில் அவருக்குத் தெரியும். நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து மல்லிகா வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் நான் இன்றைக்கும் மலைக்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீர்தான். எதுவானாலும் அன்றன்றைக்குச் சமைத்துச் சூடாகச் சாப்பிடுவாள். கீரையை நாலு தண்ணீரில் அலசுவாள். வெளியிலிருந்து வந்தால் கை கால் கழுவாமல் என்னை அடுப்படிக்குள் விடமாட்டாள். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவாள். விடிந்ததும் மொட்டை மாடியில் ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்தபடி நாற்பது சுற்று நடப்பாள். தெருவில் விற்கிற வெள்ளரிப்பிஞ்சைக் கண்டால் அவளுக்கு நாக்கு ஊறும். வாங்க மாட்டாள்.

அவள் விட்டதிலேயே அவளுக்கு வலித்தது ஒன்றுதான். மேல்மலையனூர் அமாவாசை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு அமாவாசை தவறாமல் அங்காளம்மனிடம் போய்க்கொண்டிருந்தவள். கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று சொன்ன பிறகு நிறுத்திவிட்டாள். அமாவாசை அன்று எங்கள் தெரு வழியாக சிறப்புப் பேருந்துகள் நெரிசலோடு போகும். அவள் ஜன்னலில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். சும்மாதான் பார்ப்பாள்.

நைனா சொன்னது

இங்கே நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையை எனக்கு விட்டுப்போனவர். தன் சரக்கின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை சாமி மேல் கூட இருந்ததில்லை. இங்கிலீஷ் மருந்து கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் என்பார். "நம்ம சரக்குக்குக் கண்ணு இருக்குது. உடம்புக்குள்ள எங்க போவணுமோ அங்க மட்டும்தான் போவும்." கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைச் சொல்வார்.

அதோடு, எந்த மருந்தானாலும் ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள் சாப்பிட்டால்தான் உடம்பில் பிடிக்கும். இதுவும் எங்கள் கடையின் வேதம்.

சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த பேச்சு, யோசிக்கிற இடத்துக்குப் போகாமல் நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. டாக்டர் அம்மா சொன்னது என் மூளையில் இருந்தது. நைனா சொன்னது அதற்கும் கீழே எங்கேயோ இருந்தது. பயம் வந்தபோது எது மேலே வந்தது என்று இனிச் சொல்லப் போகிறேன்.

ரசப்பொடி

எங்கள் வரிசையில் இரண்டு கடை தள்ளிப் பாத்திரக் கடை வைத்திருந்தவர், திங்கட்கிழமை என்னிடம் கஷாயப் பொடி வாங்கிப் போனார். அடுத்த திங்கட்கிழமை அவர் இல்லை. உடம்பை வீட்டுக்குக் கூடக் கொண்டுவரவில்லை. அன்று மதியம் கூடை இறங்கியபோது கயிற்றை வெடுக்கென்று இழுத்துவிட்டேன், சொம்பு சாய்ந்தது. "சொன்னேனே, இழுக்காதீங்கன்னு" என்றாள் மேலேயிருந்து. அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தேன். எதிர்ப்பு சக்தியே இல்லாத ஒரு பெண். நான் ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுக்கிறேன், என் வீட்டுக்கு ஒரு சிட்டிகை இல்லை.

நைனா சொன்னது மேலே வந்தது. நம்ம சரக்குக்குக் கண் இருக்கிறது. அது கிருமியை மட்டும் பார்க்கும். என் சிறுநீரகத்தை ஏன் தொடப் போகிறது? அது யாருடையது என்று அதற்குத் தெரியாதா?

படித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அன்றைக்கு அது எனக்கு ஞானமாகத் தெரிந்தது.

அந்த வாரம் அவள் ரசப்பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தாள். எப்போதும் கடையில் நானே இடித்துக் கொடுப்பதுதான். மிளகு, சீரகம், துவரை, மிளகாய், கொத்தமல்லி. அதோடு, எதிர்ப்பு சக்திக்கென்று விற்கிற சீந்தில் கொடிப் பொடி ஒரு பங்கும், கபசுரக் குடிநீர்ப் பொடி ஒரு பங்கும் கலந்தேன். சீந்தில் கசக்கும். மிளகைக் கூட்டினேன். டப்பாவைக் கூடையில் வைத்துக் கயிற்றை ஆட்டினேன். மேலே போகும் கூடையைப் பார்த்தபடி மனதுக்குள் அங்காளம்மனைக் கும்பிட்டேன். நாற்பத்தெட்டு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரசம் இறங்கியது. அவள் கையால் வைத்த ரசம். எனக்கும் அதே ரசம்தான். ஒரு வாய் குடித்ததும் தெரிந்தது, கசப்பு மறையவில்லை.

"பொடி இந்த வாட்டி கசக்குதே, இன்னா போட்டீங்க?" என்றாள்.

வெந்தயம் கொஞ்சம் கூடிவிட்டது என்றேன். சரி என்று விட்டுவிட்டாள். அதற்கு மறுநாள் ரசத்தில் லேசாக இனிப்பு. வெல்லம் போட்டிருந்தாள். அதன் பிறகு தினமும் வெல்லம் போட்ட ரசம். எனக்குப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு ருசியாக இருக்கிறதே என்று பாராட்டவும் செய்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

முப்பத்தேழாம் நாள் கூடை இறங்கவில்லை. மணி ஒன்றரை ஆயிற்று. கீழேயிருந்து கூப்பிட்டேன். மெதுவாக ஜன்னலுக்கு வந்தாள். காலெல்லாம் வீங்கியிருக்கிறது, நேற்றிலிருந்து சரியாகச் சிறுநீர் போகவில்லை, அடிவயிற்றில் வலிக்கிறது என்றாள். "வீட்டுக்காரருக்கு இன்னாவோ ஆயிடுச்சிங்க" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பதினெட்டுப் படிகளையும் அன்றைக்குத்தான் மறுபடி ஏறினேன்.

அவரையே கேளுங்க

பாஸ் வாங்கிக் காரில் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா எதிரே வந்து உட்கார்ந்தார். எல்லோர் முகத்திலும் முகக்கவசம். மாத்திரை ஒரு வேளை கூட விட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். வெளியே எங்கேயாவது சாப்பிட்டீர்களா என்றார். இல்லை. கடைசியாக, நாட்டு மருந்து, கஷாயம், பொடி ஏதாவது எடுத்தீர்களா என்றார்.

மல்லிகாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர் நாட்டு மருந்துக் கடைதான் வெச்சிருக்காரு டாக்டர். இத்தினி வருஷத்துல ஒரு சிட்டிகை எனக்குக் குடுத்ததில்ல. நானும் தொட்டதில்ல. வேணும்னா அவரையே கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தலையாட்டினேன். ஆமாம், கொடுக்கவில்லை என்று.

முகக்கவசம் என் முகத்தைப் பாதி மறைத்திருந்தது. அதற்காக அந்த நிமிஷத்தில் நான் சந்தோஷப்பட்டேன். இந்த ஒரு வாக்கியத்தை எழுதத்தான் எனக்கு இத்தனை வாரம் ஆயிற்று.

அவளை வார்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பிப் போய் டாக்டர் அம்மாவின் அறைக் கதவைத் தட்டினேன். சொல்லிவிட்டேன். என்ன பொடி, எவ்வளவு, எத்தனை நாள், எல்லாம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இதனால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன்.

"இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. இப்பவாவது சொன்னீங்களே. அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நான் இன்றைக்கும் குடியிருக்கிறேன்.

ஊசிகள் போட்டார்கள். காவல்காரன் அடங்கினான். ஆனால் அதற்குள் பாதி வெட்டிவிட்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் ரசப்பொடியில் வண்டு விழுந்திருக்கிறது என்று பொய் சொல்லி டப்பாவை இறக்கச் சொன்னேன். சாக்கடையில் கொட்டிவிட்டு வேறு பொடி இடித்து அனுப்பினேன். இந்தப் பொடி கசக்கவில்லை, ஆனாலும் வெல்லம் போட்டுப் பழகிவிட்டது என்றாள். வெல்லம் நிற்கவில்லை.

அவளிடம் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், உடம்பு தேறட்டும் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன்.

வாத்தியார் சாருக்கு

சார், உங்கள் பதில் இதோ. எங்கள் கடையில் ஒரு நாளைக்கு நாலு பேராவது எதிர்ப்பு சக்திக்குப் பொடி கேட்டு வருகிறார்கள். சாயங்காலம் பரோட்டா, ராத்திரி ஒரு மணிவரை போன், காலையில் வெறும் டீ. இத்தனைக்கும் சேர்த்து ஒரு ஸ்பூன் பொடி வேலை செய்ய வேண்டுமாம். பொடி என்ன பாவம் செய்தது?

காலையில் கம்பங்கூழோ கேழ்வரகுக் களியோ சாப்பிடுங்கள். வாரத்தில் நாலு நாள் கீரை. உங்கள் கொல்லையிலேயே விளைகிற வேர்க்கடலையை ஏன் எண்ணெய் ஆலைக்கே அனுப்புகிறீர்கள், ஒரு கை வேகவைத்துத் தின்னுங்கள். நெல்லிக்காய் வரும்போது நெல்லிக்காய், மலையிலிருந்து கூடையில் சீத்தாப்பழம் வரும்போது சீத்தாப்பழம். நேரத்துக்குத் தூங்குங்கள். வெயிலில் கொஞ்சம் நடங்கள். கையைக் கழுவுங்கள். தடுப்பூசி போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று வேளை கஷாயம் குடித்த எனக்கு அடுத்த வருஷம் கொரோனா வந்தது. எதிர்ப்பு சக்தியே இல்லாத மல்லிகாவுக்குக் கடைசிவரை வரவில்லை. அவளைக் காப்பாற்றியது அவளுடைய கொதித்த தண்ணீரும், ஒன்பதரை மணித் தூக்கமும், தெருவைப் பார்த்த அந்த ஜன்னலும்தான். நான் நடுவில் புகாமல் இருந்திருந்தால் போதும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். வீட்டில் யாராவது டாக்டர் கொடுத்த மாத்திரையில் இருந்தால், அவர்களுக்கு எதைக் கொடுப்பதற்கு முன்னாலும் அந்த டாக்டரைக் கேளுங்கள். இப்போது பொடி கேட்டு வருகிற எல்லோரிடமும் யாருக்கு, அவருக்கு என்ன மாத்திரை ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தொடுகிறேன். கிழவனுக்கு வியாபாரம் செய்யத் தெரியவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

புற்றுக்கு முன்னால்

இரண்டு வருஷம் கழித்து சிறுநீரகம் முழுசாக நின்றது. "வீட்டுக்காரர் ரிட்டயர் ஆயிட்டாரு" என்றாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தொடங்கியது. காவல்காரனைத் தூங்கவைக்கும் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். அன்று டாக்டர் அம்மாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "இனிமே நான் மலையனூருக்குப் போலாமா?"

ஜாக்கிரதையாகப் போய்வாருங்கள் என்றார் அவர்.

அடுத்த அமாவாசையன்று காலையிலேயே கிளம்பினோம். ராத்திரிக் கூட்டம் சேருவதற்குள் திரும்பிவிடலாம் என்று ஏற்பாடு. சிறப்புப் பேருந்தில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. பேருந்து எங்கள் தெருவைத் தாண்டும்போது அவள் திரும்பி எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. புதுப்பெண்ணைப் போல அப்படி ஒரு சிரிப்பு அவள் முகத்தில்.

சன்னதியில் புற்றுக்கு முன்னால் வெகு நேரம் கண்ணை மூடி நின்றாள். புற்று மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். எனக்கும் வைத்துவிட்டாள். வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்ததும் சொன்னாள், உங்கள் கிட்னியை ஆத்தா எனக்கு ஆறேழு வருஷம் வைத்திருக்கக் கொடுத்தாள், அதற்குத்தான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன் என்று.

என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பாத்திரக்கடைக்காரர் செத்தது, சீந்தில், மண்டலக் கணக்கு, வண்டு என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு டாக்டர்கிட்ட, அவரையே கேளுங்கன்னு சொன்னேனே. அப்ப தலையாட்டினீங்களே."

"ஆமா."

"பொடி போட்டீங்க, பயத்துல போட்டீங்க. அது எனக்குப் புரியுது. தலையாட்டினது புரியலங்க."

எனக்கும் புரியவில்லை. அதையே சொன்னேன். அவள் எழுந்து பேருந்தை நோக்கி நடந்தாள். வரும்போது அவள் ஜன்னலோரம் உட்காரவில்லை.

நாலாம் நாள்

வீட்டுக்கு வந்ததும் நான் என் பாயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. மேலே இருக்க எனக்கு முகம் இல்லை.

மறுநாள் மதியம் கடையை மூடிவிட்டு ஓட்டலுக்குப் போகலாம் என்று தெருவில் இறங்கினேன். தலைக்கு மேல் ஏதோ அசைந்தது. கூடை. ஊரில் நோய் ஓய்ந்து எத்தனையோ நாளாயிற்று, தெரு நிறைய வண்டிகள், அதற்கு நடுவே கயிற்றில் கூடை இறங்குகிறது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தூக்கு, பக்கத்தில் துணி சுற்றிய சொம்பு. அண்ணாந்தேன். ஜன்னலில் அவள் கைகள் மட்டும் தெரிந்தன. கயிற்றை இழுக்காதீர்கள் என்று குரல் வரவில்லை. நானும் இழுக்கவில்லை.

இரண்டாம் நாள் அதே போல. மூன்றாம் நாள் டயாலிசிஸ். காரில் போய்வந்தோம். அவள் களைத்துப்போய்ப் படுத்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒன்றரைக்குக் கூடை இறங்கியது. அந்தச் சோற்றை நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். இந்த வயதில் சுக்கு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

நாலாம் நாளும் கூடை இறங்கியது. கையை விட்டேன். காலி.

சரி, இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணாந்து பார்த்தேன். கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மேல வந்து சாப்பிடுங்க. சோறு ஆறுது" என்றாள்.

இலை போட்டிருந்தாள். ரசம் ஊற்றினாள். வெல்லம் போட்ட ரசம். நான் குனிந்தே சாப்பிட்டேன்.

"அந்தப் பொடி கசந்துச்சிதான்" என்றாள். "உங்க கை பொடியாச்சே, கொட்ட மனசு வரல. வெல்லத்தப் போட்டு நானேதான் குடிச்சேன். இனிமே எனக்கு இன்னா குடுத்தாலும் சொல்லிட்டுக் குடுங்க."

சரி என்றேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாள். ஒரு வில்லை அதிமதுரத்தைக் கூட அவளுக்கு நான் சொல்லாமல் கொடுத்ததில்லை. அவளும் டாக்டரிடம் என்னை எதற்கும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. அது எனக்கு உறைத்துக்கொண்டேதான் இருந்தது.

இப்போது நானே சமைக்கிறேன். பொடி கசப்பதில்லை, ஆனாலும் ரசத்தில் வெல்லம் போடுகிறேன். மகள் வந்தால், "இன்னா நைனா, பாயசமா?" என்கிறாள். மதியம் கடையைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினால் தலை தானாக மேலே திரும்புகிறது. ஜன்னல் கம்பியில் கயிறு இன்னும் கட்டியபடி கிடக்கிறது. அவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். பிறகு, யாரும் கூப்பிடாமலே, பதினெட்டுப் படிகளையும் ஏறிப் போய்ச் சாப்பிடுகிறேன்.